எங்கள் வீட்டில் இரண்டு முறை இறந்தவர்

“பங்குனி, தேய்பிறை சப்தமி, வியாழக்கிழமை. மூத்தவன் காலமானான்.”

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் வீட்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எங்கள் அப்பா எழுதிவைத்த குறிப்பு இது. எழுத்து அவருடையதுதான், ‘ழ’வின் வாலை அவ்வளவு நீளமாக இழுப்பவர் எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்று காலையில் கோயில் குளத்தில் தலைமுழுகி, ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்து இதை எழுதினார். அன்று மாலையே, காலமானவர் ஒரு தகரப் பெட்டியோடு கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ்ஸுக்காக நின்றதை எங்கள் கடைக்குப் பக்கத்துப் பூக்காரர் பார்த்திருக்கிறார். பஸ் வரும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அவர்தான் எங்கள் அண்ணன். அவர் மெய்யாகவே காலமாகி இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

இந்த நினைவு மலரைத் தொகுத்திருப்பவள் அண்ணன் மகள் எஸ்தர். கட்டுரை கேட்டு அவள் கடைக்கு வந்தபோது, சபையில் அவரை நன்றாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எழுதட்டும் என்றேன். “அவங்களுக்கு விழிஞ்ஞத்து அப்பாவைத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி உள்ளது சித்தப்பாகிட்டதானே இருக்கு. தேதி எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்கல்ல” என்றாள். தேதிகள் என்னிடம் இருக்கின்றன என்பது உண்மை. குடும்பத்தில் நடந்ததையெல்லாம் மாதம், கிழமை, நட்சத்திரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம். ஆண்டுகளை எஸ்தர் பின்னட்டையில் வரிசையாக அச்சிட்டிருப்பதால் இங்கே அவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் தேதிகளை அறிந்திருப்பது வேறு, அந்தத் தேதிகளில் நான் எங்கே நின்றேன் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். பத்திரிகையில் வந்த இரங்கல் அறிவிப்பில் அண்ணன் திருவனந்தபுரத்தில் பிறந்ததாக இருந்தது. அது தவறு. அவர் பிறந்தது நாஞ்சில் நாட்டில், சுசீந்திரத்தை அடுத்த அம்மாவின் ஊரில், ஓர் ஆவணி மாதப் பூராடத்தன்று. தலைப்பிள்ளைக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டதால் ‘பிறந்த ஊர்’ என்று எல்லாரும் இதையே சொல்லிவந்தார்கள்.

அப்பா கிழக்கேகோட்டையில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். கற்பூரம், சாம்பிராணி, திருநீறு, பன்னீர், தர்ப்பை. கோயிலுக்குப் போகிறவர்களும் காரியத்துக்குப் போகிறவர்களும் எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்ததும் கடையில் உட்கார்ந்தார். நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் இருவரில் கெட்டிக்காரர் அவர்தான். மூத்தவர் என்பதால் கடை அவருக்கு, இளையவன் என்பதால் படிப்பு எனக்கு என்று பிரித்தார்கள். யாரும் அதை அநியாயமாக நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

அவருடைய குணத்தை அறியாமல் பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. சபையார் அவரைச் சாந்தமான மனிதர் என்று சொல்லக் கேட்கும்போது எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இளம் வயதில் அவர் அவ்வளவு கோபக்காரர். கற்பூரத்தில் மெழுகு கலந்து அனுப்பிய மொத்த வியாபாரி ஒருவர் மேல் தராசுத் தட்டைக் கழற்றி வீசியிருக்கிறார். கோபம் தணிந்த பிறகும் பகை தணியாது. அந்த வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு அவரும் போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. “அவன் செத்தாலும் போகமாட்டேன்” என்றார். வியாபாரி செத்தார். இவர் போகவில்லை.

அவருக்கு மஞ்சள்காமாலை வந்து பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில் படுத்தது ஓர் உற்சவக் காலத்தில். கடையில் கூட்டம் நெரிந்த நாட்கள். அப்பாவாலும் என்னாலும் அசைய முடியவில்லை. காலையில் நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவேன், அம்மா மதியம் வந்து போவார். பக்கத்துக் கட்டிலில் களியக்காவிளைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கிடந்தார். அவருடைய சபைக்காரர்கள் தினமும் இரண்டு தூக்குகளில் கஞ்சி கொண்டுவந்தார்கள். இரண்டாவது தூக்கு எங்கள் அண்ணனுக்கு. கேட்காமலே கொண்டுவந்தார்கள். அவர் வீடு திரும்பிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரியும். “நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஊரார் கஞ்சி ஊத்தியிருக்காவ” என்று அம்மா அழுதார். “உற்சவம் வருஷத்துக்கு ஒருக்காதான் வருது” என்றார் அப்பா.

அந்தக் கொத்தனார் கொடுத்த வேதப்புத்தகத்தை அண்ணன் ஒளித்து வைத்துப் படிக்கவில்லை. கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் படித்தார். அப்பா பார்த்தும் தடுக்கவில்லை. அவருக்கு அது பத்திரிகை படிப்பதுபோல. இப்படிப் பல மாதங்கள் போயின. பிறகு ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் அண்ணன் சொன்னார்: “அப்பா, வாற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கப் போறேன். உங்ககிட்ட சொல்லாம செய்யப்பிடாது, அதுக்காக்கும் சொல்லுதேன்.”

அப்பா கற்பூரப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். மூடி முடித்தார். “கடைச் சாவிய வச்சிட்டுப் போ” என்றார்.

அண்ணன் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். அப்பா என்னைப் பார்த்து, “எடுத்துக்கோ” என்றார். எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிந்திய வியாழக்கிழமைதான் அப்பாவின் குறிப்பில் இருப்பது. பதினாறாம் நாள் காரியமும் நடந்தது. மதம் மாறிய மகனுக்கு உயிரோடு இருக்கும்போதே தலைமுழுகுவது எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் நடந்திருக்கிறது. ஆனால் இலை போட்டுச் சாப்பாடு வரை போனது எங்கள் வீட்டில்தான்.

திருவிதாங்கூரில் மதம் மாறியவர்களைப் பற்றி நான் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். பசி, பள்ளிக்கூடம், நிலம், மேல்சாதிக் கொடுமை என்று நூல்கள் காரணங்களை அடுக்குகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் எங்கள் அண்ணனுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. அவரிடம் கடை இருந்தது, வீடு இருந்தது, தலைப்பிள்ளை என்ற இடம் இருந்தது. மாறியதால் அத்தனையும் போயின. நான் இன்றும் திருநீறு பூசுகிறவன். அவருடைய நம்பிக்கையை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் கொடுத்ததெல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தது.

விழிஞ்ஞத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் அவருக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடம். மார்த்தாண்டத்துப் பெண்ணான அண்ணியை மணந்தார். எஸ்தர் பிறந்தாள். வாடகை மண்டபம் ஒன்றில் கூடும் தமிழ்ச் சபையில் சேர்ந்தார். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான் அங்கே அதிகம். அண்ணன் அங்கே பிரசங்கியும் இல்லை, மூப்பரும் இல்லை. ‘விசுவாசி’ என்று யாராவது சொன்னால், ‘சீஷன்னு சொல்லுங்க, இன்னும் படிச்சு முடிக்கல்ல’ என்பாராம், சீடன் என்ற பொருளில்.

வீட்டுக்கு வர அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அம்மா கோயிலுக்குப் போய்விட்டுக் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு நடப்பார். விழிஞ்ஞம் பஸ்ஸிலிருந்து அண்ணன் இறங்குவார். இருவரும் பயணிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா பாத்திரத்தில் உளுந்தஞ்சோறும் துவையலும் கொண்டுபோவார். பஸ் புகைக்கு நடுவில் அண்ணன் சாப்பிடுவார். அங்கிருந்து எங்கள் கடை கூப்பிடு தூரம். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்ப்பேன். அப்பாவுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அந்நேரத்துக்கு அவர் கடையின் பின்கட்டுக்குப் போய்விடுவார்.

அப்பா காலமானபோது அண்ணனுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. கொள்ளி நான் வைத்தேன். அதற்கடுத்த கர்க்கடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, சங்குமுகம் கடற்கரையில் இறந்தவர்களுக்குப் பலிச்சோறு வைக்கப் போனபோது எங்கள் மாமா உடன் வந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததே சட்டம். இறந்தவர்கள் பெயரைப் பூசாரி கேட்டபோது, “மூத்தவன் பேரையும் சொல்லுடே. உங்கப்பா முழுகியாச்சுல்லா, பலி கொடுக்காம விட்டா அது குடும்பத்துக்கு ஆகாது” என்றார். சொன்னேன். அன்று முதல் ஒவ்வொரு வாவுக்கும் உயிரோடிருந்த அண்ணனுக்கு எள்ளும் சோறும் பிசைந்த உருண்டை ஒன்று வைத்துவந்தேன். நிறுத்துவதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தை மாமாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அண்ணனுக்கு இது தெரியவந்தது. கடை முன்னால் ஒரு நாள் நின்று, “இந்த வருஷம் எள்ளு கூடிப்போச்சாமே. காக்கா வந்து பிராது சொல்லிச்சு” என்றார். சிரித்தார். நான் பொட்டலம் மடிப்பதில் கவனமாக இருந்தேன்.

அம்மா ஒரு மார்கழி மாதச் செவ்வாய்க்கிழமை விடியலில் காலமானார். இந்த முறை அண்ணனுக்கு நானே போன் செய்தேன். அண்ணியையும் சிறுமியான எஸ்தரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா வாசல் கதவில் நின்றார். பேச்சு தெருவுக்கே கேட்டது. அங்கே நின்றவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள்.

“வந்தது நல்லது. குளிச்சிட்டு விபூதி பூசிட்டு வா. கொள்ளி உனக்குள்ளதாக்கும். அரை மணிக்கூர் காரியம். பிறகு நீ உன் வழிக்குப் போ.”

“மாமா, தண்ணி கோரித் தாரேன். அம்மையத் தூக்குதேன். தீயும் வைக்கேன். விபூதியும் மந்திரமும் மட்டும் என்னால ஆகாது.”

“அரை மணிக்கூருக்கு உன் சாமி கோவிச்சுக்கிடுமா?”

“கோவிச்சுக்கிட மாட்டாரு. ஆனா அது பொய்யில்லா மாமா. அம்மை முன்னாடி நின்னு பொய்யா செய்யச் சொல்லுதீங்க?”

“ஆருக்குடே தெரியப்போவுது? உன் ஏசு இங்கயா வந்து பாக்காரு?”

“பாக்காருன்னுதானே மாமா இவ்வளவும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “அப்ப வெளிய நில்லு” என்று கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஈரத் துண்டோடு நடுக்கூடத்தில் நின்றிருந்தேன். மூத்தவர் இல்லையென்றால் அடுத்தது நான்தான் என்பது எனக்குத் தெரியும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அண்ணனை உள்ளே விடுங்கள் என்று என் வாயிலிருந்து வரவில்லை.

எஸ்தர் தெருவில் நின்றபடி, “அப்பச்சியைப் பாக்கலியே” என்று சொன்னது உள்ளே கேட்டது. அவள் தன் அப்பாவின் அம்மாவை அப்படித்தான் அழைப்பாள். பஸ் நிலையத்துப் பெஞ்சில்தான் அவர்கள் பழகியிருந்தார்கள். பாடை வெளியே வந்ததும் அண்ணன் விலகி வழி விட்டார். தைக்காட்டு மயானம்வரை பின்னால் வந்தார். உள்ளே வரவில்லை. நான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன். மூத்த மகன் உயிரோடு கம்பிக் கதவுக்கு வெளியே நிற்க, இளையவன் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன். பழைய அண்ணனாக இருந்தால் நான் செத்தாலும் வந்திருக்க மாட்டார். நடந்தது வேறு.

விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கிய பிறகு அங்கே தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் பெருகினார்கள். சிலர் விழுந்தும் நசுங்கியும் படுத்த படுக்கையிலும் செத்தார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குப் பிணவறை எங்கே, போலீஸ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றும் தெரியாது, எல்லாம் மலையாளம். அண்ணன் போய் நிற்க ஆரம்பித்தார். தாள்களைப் படித்துச் சொல்வது, உடலைப் பெற்றுக் குளிப்பாட்டிக் கட்டுவது, ஆம்புலன்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து சங்கரன்கோவிலோ வள்ளியூரோ அவர்கள் வீட்டுவாசல்வரை கொண்டுசேர்ப்பது. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இதுவே அவர் வேலை என்றாகிவிட்டது. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்.

அவர்களுடைய காரியத்துக்கு வேண்டிய சாமான் வாங்க அவர் என் கடைக்கு வந்தார். முதல் முறை எனக்குக் கை ஓடவில்லை. தெருவில், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்று, “கற்பூரம், பன்னீர், ஒரு கோடித் துணி, எள்ளு. ஒரு ஆளுக்கு உள்ளது” என்றார்.

“உங்களுக்குத்தான் இதெல்லாம் ஆகாதே அண்ணே” என்றேன். குத்தலாகச் சொல்லவில்லை என்று எழுத ஆசை. குத்தலாகத்தான் சொன்னேன்.

“எனக்கு ஆகாது. அவனுக்கு ஆகும். அவனுக்க அம்மைக்கு ஆகும். அங்க போய்ச் சேரும்போ பாதிச் சாமான் இல்லேன்னு அந்தப் பொம்பள அலைஞ்சு திரியப்பிடாது. நல்ல கற்பூரமா எடு.”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். “நேரமாச்சுடே” என்றார். பிறகு எத்தனையோ முறை வந்தார். ஒரு முறைகூடக் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். உள்ளே வந்தால் சாவியை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று நான் கூசுவேன் என அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

கடைசி வருடம் ஈரலில் நோய் முற்றியது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விழிஞ்ஞம் போனேன். ஆராதனை முடிந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பாடுவார்கள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பேன், யாரென்று அவர்கள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு உள்ளே கூப்பிட்டார்.

“எனக்கு இது ரெண்டாம் சாவில்லா. முதல் சாவு வலிக்கவே இல்ல. இதுதான் கொஞ்சம் கஷ்டப்படுத்துது.”

என்னால் சிரிக்க முடியவில்லை. நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன். “இவ்வளவும் போக்கினீங்களே அண்ணே. உங்களுக்கு என்ன கிடைச்சுது?”

பரலோகம், நித்திய ஜீவன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“என் குணம் உனக்குத் தெரியும். அந்தக் கற்பூரக்காரனை அவன் சாகுறது வரைக்கும் நான் விடல்ல. அப்பிடிப்பட்ட ஆளு உன் கடை முன்னாடி நின்னு சாமான் வாங்கிட்டுத் திரும்பிப் போவேன். பஸ்ஸில ஏறி உக்காந்து பாப்பேன், நெஞ்சுக்குள்ள கோவம் கிடக்கான்னு. கிடக்காதுடே. ஒவ்வொரு தடவையும் தேடிப் பாத்திருக்கேன். அது நானா உண்டாக்கினதில்ல. அதாக்கும் கிடைச்சது.” பிறகு, “முதல்ல ரெண்டு மூணு தடவை கொஞ்சம் கிடந்தது. பொய் சொல்லப்பிடாது” என்றார்.

சீஷத்துவத்தின் பலனைப் பற்றி அண்ணன் சொல்லி நான் கேட்டது இவ்வளவுதான். சபையார் இதைவிட உயர்ந்தவற்றைக் கேட்டிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை அதிகாலையில் அவர் காலமானார். மறுநாள் ஞாயிறு, ஆராதனைக்குப் பின் அடக்கம் நடந்தது. நான் போயிருந்தேன், கூட்டத்தின் கடைசியில் நின்றேன். வீடு திரும்பியதும் தீட்டு எத்தனை நாள் காப்பது, கடையை எத்தனை நாள் அடைப்பது என்று மாமாவிடம் கேட்டேன். தொண்ணூறைத் தாண்டிய மாமா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “ஒரு ஆளுக்கு எத்தனை தடவைடே தீட்டுக் காக்கது? அதான் உங்கப்பா அன்னைக்கே முழுகியாச்சே.”

சாஸ்திரப்படி அதில் பிழை காண எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் கடைக்குப் புறப்பட்டேன். என் மனைவி பூஜையறையில் விளக்கேற்றவில்லை; அடுப்பும் பற்றவைக்கவில்லை. “மாமா சொன்னதைக் கேட்டேல்லா?” என்றேன்.

“உங்க வீட்டுக் கணக்குல அவரு எப்ப வேணும்னாலும் செத்திருக்கட்டும். எனக்கு முந்தாநாளுதான் செத்தாரு” என்றாள். “நீங்க போய்க் கடையத் தொறங்க.”

போய்த் திறந்தேன்.

பத்து மணி சுமாருக்கு ஓர் இளைஞர் வந்தார். வேர்த்திருந்தது. “ஒரு ஆளுக்குள்ள காரியச் சாமான் வேணும்ணே. துறைமுகத்துல வேலை பாத்த பையன். உடம்பு பிணவறைல கிடக்கு” என்றார். நான் எடுத்துக்கொடுக்கத் தொடங்கினேன். அவராகவே பேசினார். “இதுக்கெல்லாம் எங்க பெரியவருதான் வருவாரு. நேத்துதான் அவர அடக்கம் பண்ணினோம். இது அவரு தம்பி கடையாம். தம்பி இன்னைக்கு அடைச்சிருப்பாருன்னு நெனச்சு சாலைக் கடைத்தெருவுல ரெண்டு கடை ஏறி எறங்கினேன். முழுசாக் கிடைக்கல. திரும்பிப் போற வழியில பாத்தா தொறந்திருக்கு.” என் முகத்தைப் பார்த்தார். “நீங்க இங்க வேலைக்கு நிக்கிறவங்களாண்ணே?”

“ஆமா” என்றேன்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஷட்டரை இறக்கினேன். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு விழிஞ்ஞம் போனேன். மாலையில் அந்த இளைஞர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பெயர் செல்வின். எஸ்தர் என்னைக் காட்டி, “இது எங்க சித்தப்பா” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டார்.

கடை பதினாறு நாளும் அடைத்திருந்தது. மாமா கேட்டபோது முதல் முறையாக அவரிடம் எதிர்த்துப் பேசினேன். பேசுவதற்கு இனி ஒரு பயனும் இல்லாதபோது பேசினேன். இந்த ஆண்டு வாவுக்குச் சங்குமுகத்தில் அண்ணன் பெயரை நான் சொல்லவில்லை. உயிரோடிருந்தவரைக்கும் அவர் வேண்டாத உருண்டையை வைத்தேன். இறந்த பிறகாவது அவர் விருப்பம் நடக்கட்டும் என்று விட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். சில இடங்களில் திரும்பப் படிக்கச் சொன்னார். “நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கே. செரி, இருக்கட்டு” என்றார். அவருக்கு என் வணக்கம்.

அண்ணனின் நோய்க்காலத்தில் முறைபோட்டு இரவும் பகலும் உடனிருந்த சபையாருக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகவர ஆட்டோ கொடுத்து உதவிய விழிஞ்ஞத்து அயலாருக்கும், அவர் கடைசியாகச் செய்த வேலையை நிறுத்தாமல் நடத்திவரும் செல்வினுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. கஞ்சி கொண்டுவந்த அந்தக் கொத்தனாரின் சபைக்கு நாங்கள் அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். எங்கள் வாசலில் நின்ற அந்த நாளை ஒரு முறையும் சொல்லிக்காட்டாத அண்ணிக்கு நன்றி என்ற சொல் போதாது.

முடிக்குமுன், உறுதிசெய்யப்படாத ஒரு செய்தி. கொள்ளி வைத்தவன் சிதையைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு வைத்துவிட்டு நானும் பார்க்கவில்லை, உடன் வந்தவர்களும் பார்க்கவில்லை. மறுநாள் எலும்பு பொறுக்கப் போனபோது, மயானத்தில் வேலை செய்பவர், “உங்க வீட்டு ஆள் ஒருத்தர் தீ அடங்குற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரே, கட்டையெல்லாம் எடுத்துச் சேத்துக் குடுத்தாரு” என்று மலையாளத்தில் சொன்னார். நெற்றியில் ஏதாவது இருந்ததா என்று மாமா கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் அவர். நாங்கள் மேலே எதுவும் கேட்காமல் வந்துவிட்டோம். அந்தப் பணியாளர் இப்போது அங்கே இல்லை. அண்ணிக்குத் தெரியவில்லை, அன்று அவரும் எஸ்தரும் முன்னதாகவே பஸ் ஏறிவிட்டார்கள். அண்ணனிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகவே அங்கே நின்றவர் அம்மாவின் மூத்த மகன்தான் என்பது இதுவரை உறுதியாகவில்லை.